பாஹி

மொம்பாசா நீதிமன்றத்தின் மூன்றாவது அறையில்
எல்லா மொழியும் அறிந்தது மின்விசிறி ஒன்றுதான்.
எனக்கு இரண்டு தெரியும். அதற்குத்தான் கூலி.
நாள் கணக்கு. மதியச் சோறு என் பாடு.

வர்ஃபா கூண்டில் நின்றான்.
ஒருகாலத்தில் சிங்கி இறால் பிடித்தவன்.
இடது கையில் இரண்டு விரல் இல்லை.
கயிறு அறுத்ததா, துப்பாக்கி தின்றதா
யாரும் கேட்கவில்லை,
ஆகவே நானும் கேட்கவில்லை.

ஏன் ஏறினாய் அந்தக் கப்பலில்?

ஒரே சொல்தான் சொன்னான்: பாஹி.

எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வயிறு.
ஒன்று பசி, மற்றது தேவை.
பிள்ளை பாலுக்கு அழுதால் பாஹி.
கூரைக்குத் தகரம் வேண்டுமென்றாலும் பாஹி.
மச்சினன் ஓட்டிவந்த புது லாண்ட்குரூசரைப் பார்த்துவிட்டு
விடியும்வரை புரண்டு கிடந்தால்
அதற்கும் வேறு சொல் தேடமாட்டோம்.

நீதிபதி பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார்.
அதன் முனை என் வாயைப் பார்த்தபடி இருந்தது.

'பசி' என்றேன்.

அதன்பின் அவன் சொன்னதெல்லாம் எளிது.
விளக்கணைத்து இரவில் வந்த அயல்நாட்டுக் கப்பல்கள்,
இழுவைமடியால் கடலின் அடிவயிற்றை வழித்துப் போனவை.
காலையில் போய்ப் பார்த்தால்
கயிறறுந்த மிதவைகள் மட்டும்.
புகார் வாங்க ஓர் அரசாங்கம் இருந்திருந்தால்
எழுதிக் கொடுத்திருப்பேன் என்றான்.
எழுதத் தெரியுமா என்றார் வக்கீல்.
அறை சிரித்தது.
அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு ரொடெலியோ.
சமார் தீவுக்காரர், கப்பலின் சமையல்காரர்,
பதினோரு மாதம் பிணையாகக் கிடந்தவர்.
அவருக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளர்.
ஆக, அவர் பேச்சு மூன்று வாய் கடந்து
ஆறிய கஞ்சியாக வர்ஃபாவிடம் வந்தது:

'எங்கள் வீட்டையும் புயல் கொண்டுபோனது.
அப்பாவின் படகும் அன்றே போயிற்று.
நான் உருளைக்கிழங்கு உரிக்கப் போனேன், ஐயா.
பத்தொன்பது வருடமாக உரிக்கிறேன்.'

எஃப்ரென் என்று ஓர் எண்ணெய்க்காரர் இருந்தாராம்,
இயந்திர அறையில். சர்க்கரை நோயாளி.
ஊசிமருந்து தீர்ந்தது.
விலை படியட்டும், பிறகு மருந்து என்றார்களாம்.
பன்னிரண்டு நாள்.
அதன்பின் அவரை மீன் வைக்கும் குளிரறையில் வைத்தார்கள்,
டீசல் தீரும்வரை.

அப்படிச் சொன்னவன் இவன்தானா?

ரொடெலியோ நெடுநேரம் பார்த்தார்.
'இல்லை. இவன் எனக்கு ஒருமுறை சிகரெட் கொடுத்தான்.
எஃப்ரெனின் கதவுக்குக் காவல் நின்றவனும் இவன்.'

இதை நான் சொல்லிமுடித்தபோது வர்ஃபா தலையசைத்தான்,
சந்தையில் நியாயமான எடையை ஒப்புக்கொள்பவனைப் போல.

படகுக்கும் துப்பாக்கிக்கும் பணம் போட்டவன் அறையில் இல்லை.
நைரோபியில் நான்கு மாடி கட்டி
தரைத்தளத்தை மருந்துக்கடைக்கு விட்டிருப்பதாகப் பேச்சு.

என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன்.
வழக்கு நீண்டால்தான் மகளின் பள்ளிக் கட்டணம் தீரும்.
'ஒத்திவைப்பு' என்று கேட்கும்போதெல்லாம்
எனக்குள் யாரோ கைதட்டியிருக்கிறார்கள்.
அது எந்த வயிறு?

நாலரை மணிக்கு எழுந்து நின்றேன்.
ஐயா, காலையில் நான் சொன்ன சொல்லுக்கு
இன்னொரு பொருளும் உண்டு.

எந்தப் பொருளில் சொன்னான் என்று அவனையே கேள் என்றார்.

வர்ஃபா என்னைப் பார்த்தான்.
ரொடெலியோவைப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டான்.
'முதல் நாள், காஜோ.'
அது வெறும் பசி. வேறு பொருள் ஒட்டாத சொல்.
அப்படியே கொடுத்தேன்.

'பன்னிரண்டாம் நாள்?' என்றார் நீதிபதி.

கேள்வியைக் கொண்டுபோய் அவன்முன் வைத்தேன்.
மூன்று விரலால் கூண்டின் கம்பியைப் பற்றிக்கொண்டான்.
எழுத்தர் சாவிக்கொத்தை எடுத்து
மேசைமேல் வைத்தார்.